மூக்கில் அடிக்கிற தடுப்பு மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறார் இந்த வாசகி. வயது 34. கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். கூட்டுக் குடும்பம், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி எல்லாரும் ஒரே வீட்டில். மாமியாருக்கு 68 வயது. பல வருடமாகச் சுகர், தினமும் இரண்டு வேளை இன்சுலின். காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்ததில் நுரையீரலும் பழுதாகி இன்ஹேலரில் இருக்கிறார். வாசகிக்கு ஏழு வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள்.

போன கார்த்திகை மழையில் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தான். நாலு நாளில் அவன் எழுந்து விளையாடப் போய்விட்டான். ஆனால் மகளுக்கு இழுப்பு வந்து நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரமே மாமியார் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். பரிசோதனையில் இன்ஃப்ளூயன்ஸா ஏ, அதாவது ஃப்ளூ என்று வந்தது. ஓரகத்தி இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இந்த வருடம் மழைக்கு முன்னால் வீட்டில் எல்லாரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

அங்கேதான் சிக்கல். "ஊசின்னா வேண்டாம், சொட்டு மருந்துன்னா போட்டுக்கறேன்" என்கிறார் மாமியார். அமெரிக்காவில் மூக்கில் அடித்துக்கொள்கிற ஃப்ளூ மருந்து வீட்டுக்கே வருகிறது என்று கொழுந்தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். கொரோனாவுக்கு வந்த மூக்கு மருந்தே சளி, காய்ச்சல் எல்லா வைரஸையும் தடுக்கும் என்று மெடிக்கலில் சொல்லியிருக்கிறார்கள். சின்ன மாமனாரோ, மூக்கில் எதை விட்டாலும் மூளைக்கு ஏறிவிடும், அதற்குப் பதில் நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டாலே போதும் என்கிறார். "வலியில்லாத மருந்து வரப்போகிறது என்கிறபோது, ஒரு வருடம் பொறுத்து எல்லாருக்கும் அதையே போட்டுவிடலாமா டாக்டர்? ஊசியைவிட அது நல்லது என்றுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். இந்தப் பதிலில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்ட மூக்கு மருந்து பொய்யில்லை, கெட்டதும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாரை நினைத்து நீங்கள் அதற்காகக் காத்திருக்கிறீர்களோ, அவருக்கான மருந்து அது இல்லை. உங்கள் மாமியாருக்கு வயது 68. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி இரண்டு வயதிலிருந்து 49 வயது வரை மட்டும்தான். நாளைக்கே அது நீடாமங்கலத்தில் கிடைத்தாலும் அவருக்கு ஊசிதான் எழுதித் தருவேன்.

ஏன் இப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே.

மூக்கு மருந்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை

ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் நுழைவது மூக்கு, தொண்டை வழியாக. கையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை நிறைய உண்டாக்குகிறது. அவை நுரையீரலை நன்றாகக் காக்கும். ஊசி போட்டவருக்கு ஃப்ளூ வந்தாலும் நிமோனியா, ஆக்சிஜன் என்று போகிற ஆபத்து குறைவது அதனால்தான். ஆனால் மூக்கின் உள்தோலில் வேலை செய்ய வேண்டியது ஐஜிஏ என்கிற வேறொரு வகைப் புரதம். ஊசி அதை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அதனால் ஊசி போட்டவரின் மூக்கிலும் வைரஸ் கொஞ்ச நாள் குடியிருந்து அடுத்தவருக்குப் போக முடியும்.

போலியோ விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊசி மருந்து பிள்ளையை வாதத்திலிருந்து காக்கும். வாயில் விடும் சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கிப் பரவலையும் தடுக்கும். சுவாச வைரஸ்களுக்கும் அதுபோல நுழைகிற இடத்திலேயே தடுக்க முடிந்தால், மகனுக்கு வந்தது மகளுக்கும் பாட்டிக்கும் போகாது. ஆராய்ச்சியாளர்களின் ஆசை அதுதான். பிரிட்டனில் 2013 முதல் பிள்ளைகளுக்கு மூக்கு வழி ஃப்ளூ மருந்து தருகிறார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்த பகுதிகளில், மருந்தே போடாத பெரியவர்கள்கூட ஃப்ளூ போன்ற காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது குறைந்தது. உங்கள் வீட்டில் போன கார்த்திகையில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்தப் பிரிட்டன் கணக்குதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன், அவனுக்குப் பக்கத்தில் படுக்கிற பாட்டி.

அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை

மூக்கு லேசுப்பட்ட இடம் இல்லை. உள்ளே இருக்கும் சளிப்படலத்தை நுண்ணிய மயிர்கள் ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கால் மணி, இருபது நிமிடத்தில் பழைய சளி போய்ப் புதுசு வந்துவிடும். அங்கே மருந்தைத் தெளிப்பது ஓடுகிற வாய்க்காலில் விதை தெளிக்கிற மாதிரி. வேர் பிடிக்க நேரமே கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. நெல் தூற்றும்போது பறக்கிற சுணை, தெருப்புழுதி, மகரந்தம் என்று நாள் முழுக்க எதையாவது மூக்கு உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் உடம்பு சண்டைக்குக் கிளம்பினால் நாம் வாழ முடியாது. அதனால் மூக்கின் எதிர்ப்பு அமைப்பு பெரும்பாலானவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடப் பழகியிருக்கிறது. செத்த வைரஸை மூக்கில் விட்டால் அதையும் அப்படியே விட்டுவிடும்.

அதனால் மூக்கைத் தட்டி எழுப்ப ஒரு துணைப்பொருள் சேர்த்துப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் 2000-ம் ஆண்டு அப்படி ஒரு ஃப்ளூ மருந்து விற்பனைக்கு வந்தது. ஈ-கோலை பாக்டீரியாவின் நச்சுப் புரதம் ஒன்றை அதில் சேர்த்திருந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் வாதம் வந்தாற்போல் இழுத்துக்கொண்டது. பெல்ஸ் பால்சி என்போம். ஒரே பருவத்தோடு அந்த மருந்து நிறுத்தப்பட்டது. தொடர்பு உண்மைதான் என்று பிறகு ஆய்விலும் தெரிந்தது. ஆகவே உங்கள் சின்ன மாமனாரின் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். மூக்கின் மேல்கூரையில் வாசனை நரம்பு இருக்கிறது, அது நேராக மூளைக்குப் போகிறது. இதனால்தான் மூக்கு மருந்து எதுவானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுமதி வாங்க முடியாது. ஆனால் இப்போது வெளிநாடுகளில் புழங்குகிற ஃப்ளூமிஸ்ட் என்ற மூக்கு மருந்தில் அந்த மாதிரித் துணைப்பொருள் எதுவும் கிடையாது.

ஃப்ளூமிஸ்ட் வேறு வழியில் போகிறது. அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் மாசாப் என்ற விஞ்ஞானி 1960-களில் ஃப்ளூ வைரஸைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்து வளர்த்துப் பழக்கினார். 25 டிகிரியில் நன்றாக வளரும். உடம்பின் உள்சூட்டில் திணறும். மூக்கு கொஞ்சம் குளிர்ந்த இடம் என்பதால் அங்கே மட்டும் வளர்ந்து எதிர்ப்பை உண்டாக்கும். நுரையீரலுக்குப் போனால் அந்தச் சூட்டில் பிழைக்காது. அருமையான யோசனை. ஆனால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2003-ல். "ஒரு வருடம் பொறுத்தால்" என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இந்த வருடக் கணக்கைச் சொல்கிறேன்.

அனுமதி கிடைத்த பிறகும் வழுக்கல் உண்டு. எச்1என்1 வகைக்கு எதிராகச் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்து, 2016-லும் 2017-லும் இரண்டு பருவங்களுக்கு இதைப் போட வேண்டாம் என்றது அமெரிக்க நிபுணர் குழு. வைரஸ் ரகத்தை மாற்றிய பிறகு 2018-ல் மறுபடி சேர்த்தார்கள். அதே காலத்தில் பிரிட்டன் தன் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரே மருந்தைப் பற்றி இரண்டு நாட்டு நிபுணர்கள் இரண்டு முடிவு எடுத்தார்கள். இதில் குழம்ப ஒன்றுமில்லை, ஃப்ளூ மருந்து வருடா வருடம் மறுபடி சோதிக்கப்படுகிற பொருள்.

நம் நாடும் சும்மா இல்லை. 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, ரஷ்யாவில் உருவான ரகத்தை உலகச் சுகாதார நிறுவனம் வழியாகப் பெற்றுப் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் 2010-ல் நாசோவாக் என்ற மூக்கு மருந்தைக் கொண்டுவந்தது. ஆக, ஃப்ளூவுக்கு மூக்கு மருந்து என்பது நமக்கும் புதிதில்லை. ஆனால் டெல்டாப் பக்கம் ஒரு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற நிலை இன்று இல்லை. நடைமுறையில் நானும் என் நோயாளிகளுக்கு எழுதுவது ஊசிதான்.

வலுவிழந்த வைரஸ் முறையில் இன்னொரு பிரச்சினை வயது. இத்தனை வருடத்தில் பலமுறை ஃப்ளூ வந்துபோன பெரியவரின் உடம்பில் பழைய எதிர்ப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூக்கில் தெளித்த பலவீனமான வைரஸ் வளர்வதற்குள் அது அடித்துப்போட்டுவிடும். புது எதிர்ப்பு உண்டாக வழியில்லை. பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கிற மருந்து பெரியவர்களிடம் மங்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெடிக்கலில் சொன்னது

கொரோனா மூக்கு மருந்தையும் ஃப்ளூவையும் சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். பாரத் பயோடெக்கின் இன்கோவாக், 2022-ல் அனுமதி பெற்று 2023 ஜனவரியில் வெளியானது. ஒரு மூக்குத் துவாரத்துக்கு நாலு சொட்டு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, கொரோனாவுக்கு மட்டும். அதில் இருப்பது கொரோனா வைரஸின் ஒரு புரதத்தை உண்டாக்குவதற்கான குறிப்பு. ஃப்ளூவை அதற்கு அடையாளமே தெரியாது. "எல்லா வைரஸுக்கும் ஒரே சொட்டு" என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். பழைய சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஃப்ளூ ஊசியும் ஃப்ளூவை மட்டும்தான் தடுக்கும். சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணமான வைரஸ்கள் வேறு. ஊசி போட்ட பிறகும் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. இன்னும் ஒன்று: ரகம் நன்றாகப் பொருந்துகிற வருடத்திலேயே டாக்டரிடம் போக வைக்கிற ஃப்ளூவை ஊசி தடுப்பது சுமார் 40 முதல் 60 சதவீதம்தான். நூற்றுக்கு நூறு என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் மாமியாரை மறுபடி ஆக்சிஜனில் படுக்கவைக்காமல் இருக்க இப்போது நம் கையில் உள்ளதில் சிறந்தது அதுதான்.

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன

மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், ஊசி என்றால் பயம் என்கிறார். அவருக்குப் பயம் ஊசி மேல் இல்லை, உள்ளே போகிற மருந்தின் மேல். கொரோனா ஊசி போட்ட பிறகு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் அவரிடம் பேச வேண்டும். "வலிக்காதும்மா" என்று சமாதானம் சொல்லிப் பயனில்லை. ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ்; அதனால் ஃப்ளூவை உண்டாக்கவே முடியாது. கை வலிக்கலாம், ஒன்றிரண்டு நாள் உடம்பு கனகனவென்று இருக்கலாம். போன கார்த்திகையில் பட்ட பாட்டை அவரே உங்களுக்குச் சொல்வார். அவருடைய மூத்த மகன், அதாவது உங்கள் கணவர், தன் கையில் முதலில் போட்டுக்கொண்டு காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம். மருமகள் சொல்லிக் கேட்காத மாமியார்கள் மகன் சொல்லிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நியாயமா என்று கேட்காதீர்கள். அவருக்கு நிமோனியா தடுப்பூசியும் தேவை. ஃப்ளூ ஊசியோடு அதே நாளில் இன்னொரு கையில் போடலாம். இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அப்புறம், சமையல் கேஸுக்கு மாறிவிட்டது, குளிக்கிற வெந்நீர் மட்டும் இன்னும் விறகில்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தப் புகையும் அவர் நெஞ்சுக்குள்தான் போகிறது.

ஓரகத்திக்கு ஊசி அவசியம். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்ப காலத்தில் ஃப்ளூ வந்தால் தாய்க்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியம், ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு உலகத்தில் எங்குமே ஃப்ளூ தடுப்பு மருந்து கிடையாது. தாய் போட்டுக்கொண்டால் அவரிடமிருந்து போகிற எதிர்ப்புதான் அந்த ஆறு மாதத்துக்குக் காவல். உயிருள்ள வைரஸ் இருப்பதால் மூக்கு மருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. உங்கள் மாமியாருக்கு வயது காரணம் என்றால் இவருக்கு இது காரணம். ஆக, நீங்கள் காத்திருக்கிற மருந்து வீட்டில் ஆபத்தில் இருக்கிற இரண்டு பெரியவர்களுக்கும் இல்லை என்று ஆகிறது.

மூன்றாவது ஆளும் அந்தப் பட்டியலில்தான். உங்கள் மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் தகுதி உண்டு என்று தோன்றும். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கடந்த ஒரு வருடத்தில் இழுப்பு வந்திருந்தால் மூக்கு மருந்து கொடுப்பதில்லை, அதுவே இழுப்பைக் கிளப்பலாம் என்பதால். மகளுக்கும் ஊசிதான். முதல் வருடம் என்பதால் நாலு வார இடைவெளியில் இரண்டு தடவை. ஒன்பது வயதுக்குக் கீழே முதன்முறை போடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. மகனுக்கும் இரண்டு.

மூக்கு மருந்து யாருக்குச் சரியாகப் பொருந்தும் என்றால், உங்கள் வீட்டில் அந்த ஏழு வயதுப் பையனுக்குத்தான். ஊருக்குள் அது கிடைக்கிற நாள் வந்தால் அவனுக்குக் கேட்டுப் பாருங்கள், தடையில்லை. கொடுத்த பிறகு சில நாள் அவன் மூக்கிலிருந்து அந்தப் பலவீனமான வைரஸ் கொஞ்சம் வெளியே வரும். அதனால் வீட்டில் கர்ப்பிணி இருப்பதைக் காரணம் காட்டி யாராவது பயமுறுத்தினால், அதற்கு அவசியமில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மாதிரிக் கடுமையாக எதிர்ப்பு குறைந்து தனி அறையில் வைத்துப் பார்க்கப்படுகிறவர் வீட்டில் இருந்தால்தான் அந்தக் கவலை.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ இல்லை, பிள்ளைகளுக்கு மற்ற ஊசிகள் போலச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்காது. தனியாரில் ஒரு ஊசி ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரம் வரை ஆகும். வீடு முழுக்கப் போட்டால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். குறுவைப் பணம் கைக்கு வராத நேரமாக இருந்தால், மாமியார், ஓரகத்தி, மகள் என்ற வரிசையில் போடுங்கள். நாலாவது மகன். அவனுக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்று விட்டுவிடாதீர்கள்; வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தானே. நீங்களும் கணவரும் கொழுந்தனும் அடுத்தது.

எப்போது, எங்கே

தென் தமிழ்நாட்டிலும் சரி, டெல்டாவிலும் சரி, ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடுதான் தலை தூக்குகிறது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். பிள்ளைகளுக்கு இரண்டாவது ஊசிக்கு ஒரு மாதம் வேண்டும். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டுமென்றால், பிள்ளைகளின் முதல் ஊசி ஆவணிக்குள் விழ வேண்டும்.

ஃப்ளூ ஊசி வருடா வருடம் மாறும். உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை ரகங்களை அறிவிக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வருடத்தையும் காலாவதித் தேதியையும் நீங்களே பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை, டாக்டர் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு வேண்டாம், சாதாரண மழை நாளிலேயே மணிக்கணக்கில் போகிறது. கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மதிய வெயிலில் பஸ்ஸில் போவதைவிட, ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ வைத்து ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொள்கிற மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது மேல். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் மத்திய அரசின் இலவச எண் 1800-180-3024-க்கும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லலாம்.

வீட்டுக்கே வருகிற ஸ்ப்ரே பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் பார்த்தது உண்மைதான். 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கேயும் வாங்குகிறவர் உடல்நிலைக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, மருந்தாளர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பார்சல் வரும். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இணையத்தில் யாராவது அனுப்புகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

நல்லெண்ணெய்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும், யார் வேண்டாமென்றது? மூக்கில் மட்டும் விடக் கூடாது. எண்ணெய் தொண்டை வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் இருமலில்கூட வெளியே வராது. அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். சின்னப் பிள்ளைக்கும், நெஞ்சு பலவீனமான வயதானவருக்கும் இது கூடுதல் ஆபத்து. அதாவது உங்கள் மகளுக்கும் மாமியாருக்கும். இன்னும் நாலு மாதத்தில் வீட்டில் பச்சைக்குழந்தை வரப்போகிறது. குளிப்பாட்ட வருகிற பாட்டி, குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஓரகத்தியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி என்ன வரும்

மூக்கு மருந்து ஆராய்ச்சி நிற்கவில்லை. கோடிக்கணக்கானோர் கையில் போட்டுக்கொண்ட கோவிஷீல்டின் அதே மருந்தை ஆக்ஸ்ஃபோர்டில் மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். மூக்கில் எதிர்பார்த்த எதிர்ப்பு உண்டாகவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். கையில் வேலை செய்த மருந்து மூக்கில் அப்படியே வேலை செய்துவிடாது. அதே வருடம் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு வேறு ஒரு வழி காட்டியது. முதலில் கையில் ஊசி, பிறகு மூக்கில் வைரஸ் புரதம் மட்டும். துணைப்பொருள் எதுவும் இல்லாமலே எலிகளிலும் வெள்ளெலிகளிலும் நன்றாக வேலை செய்தது. மனிதர்களுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் எனக்கு நம்பிக்கை தருகிற வழி இதுதான், ஏனென்றால் ஊசியால் ஏற்கெனவே பழகிய உடம்பின் மேல்தான் இது வேலை செய்கிறது. இந்த வருடம் ஊசி போட்டுக்கொள்வதால் நாளை வரப்போகிற மூக்கு மருந்தை நீங்கள் இழந்துவிட மாட்டீர்கள்.

இன்னொரு தடையும் இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. ஊசி வேலை செய்ததா என்று பார்க்க ரத்தத்தில் ஒரு அளவு இருக்கிறது. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒன்று. மூக்கு மருந்துக்கு அப்படி ஒரு எண் இல்லை. மூக்குச் சளியை எடுத்து அளந்தால், எடுக்கிற கைக்கும் வேளைக்கும் தகுந்தபடி மாறும். அதனால் ஒவ்வொரு புது மருந்தையும் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்து, யாருக்கு ஃப்ளூ வந்தது, யாருக்கு வரவில்லை என்று பருவம் முழுக்கக் காத்திருந்து எண்ண வேண்டியிருக்கிறது. பணமும் வருடங்களும் போவது அங்கேதான்.

மீறிக் காய்ச்சல் வந்தால்

ஊசி போட்டும் மழைக்காலத்தில் யாருக்காவது காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், மாமியாரையும் ஓரகத்தியையும் மகளையும் பொறுத்தவரை இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிக்கும் அதைக் கொடுக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் வந்த பிள்ளை அந்த ஒரு வாரம் பாட்டி அறையில் படுக்க வேண்டாம். முகக்கவசம் போட்டு அழவைக்க வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத் தனிப்பாய் போட்டாலே போதும்.

ஓரகத்தி அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போதே ஊசி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அன்று மகளுக்குப் போன வருடம் நெபுலைசர் வைத்த சீட்டையும், மாமியாரின் இன்சுலின் அளவு எழுதிய நோட்டையும் எடுத்துப்போங்கள். லேசான சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் அடித்தால் மட்டும் அது விட்ட பிறகு போங்கள்.